கனக்குமென்று குனிந்தேன்: ஃபேன்டஸி கதையும் விசுவாசமும் சந்திக்கும் இடத்தில் பாட்டு எழுதுவது

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு மே மாத விபிஎஸ்ஸுக்காக, அதாவது சபையில் பிள்ளைகளுக்கு நடக்கும் விடுமுறை வேதப் பள்ளிக்காக, ஒரு பாட்டு எழுதினேன். நார்னியா என்ற ஆங்கில ஃபேன்டஸி கதையில் வரும் சிங்கத்தைப் பற்றிய பாட்டு. முதல் சரணத்தில் பனி, காடு, சூனியக்காரி எல்லாம் வரும். இரண்டாவது சரணத்தில் சிங்கம்தான் இயேசு, சூனியக்காரிதான் சாத்தான், கல்மேடைதான் சிலுவை என்று ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டே போவேன். பிள்ளைகள் கையைக் காலை ஆட்டிப் பாடினார்கள், பெரியவர்கள் நல்ல பாட்டு என்றார்கள். முடிந்ததும் ஒரு சின்னப் பையன் மட்டும் பக்கத்தில் வந்து, "அண்ணா, அப்புறம் அந்தச் சிங்கத்துக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டான். அவனுக்குக் கதை வேண்டியிருந்தது. நானோ கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு அதற்கு அர்த்தம் சொல்லப் போய்விட்டேன். அவனுடைய அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்த வேலையை நான் உருப்படியாகக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன்.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது அதற்குச் சமம், அது இதற்குச் சமம் என்று கணக்குப் போட்டால் பாட்டு வராது, பாடக் குறிப்புதான் வரும். கதையும் வேதமும் ஒரே வலியைத் தொடுகிற ஓர் இடம் இருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடித்து, அதில் நின்றுகொண்டு எழுத வேண்டும்.

இந்தக் கதைகளை எழுதியவர்களே அப்படித்தான் வேலை செய்திருக்கிறார்கள். நார்னியா எழுதிய சி. எஸ். லூயிஸுக்கு முதலில் வந்தது போதனை அல்ல, ஒரு படம். பனி பெய்யும் காட்டில் குடையும் பொட்டலங்களுமாக நடந்து போகும், இடுப்புக்குக் கீழே ஆட்டுக்கால் கொண்ட ஒரு மனிதன். அந்தப் படம் 16 வயதிலிருந்தே அவர் மனதில் இருந்தது. ஆரம்பத்தில் அதில் கிறிஸ்தவம் எதுவும் இல்லை, பிறகு அது தானாக உள்ளே வந்து சேர்ந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். நாற்பதை நெருங்கும்போதுதான் அந்தப் படத்தைக் கதையாக்கப் பார்த்தார், முதல் புத்தகம் வெளிவந்தது 1950இல். தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ் எழுதிய டோல்கீனோ உருவகக் கதை என்றாலே தனக்குப் பிடிக்காது என்று தன் பெருங்கதையின் இரண்டாம் பதிப்பு முன்னுரையில் சொன்னவர். ஆனால் 1953இல் இயேசு சபையைச் சேர்ந்த ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ் அடிப்படையில் சமயப் படைப்புதான், கத்தோலிக்கப் படைப்புதான், முதலில் தன்னையறியாமல் அப்படி அமைந்தது, திருத்தி எழுதும்போது அறிந்தே செய்தேன் என்கிறார். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கதையில் ஜெபம், ஆலயம் என்று ஏறக்குறைய எதுவும் இல்லை, ஆனால் கதையின் மையமான அந்தத் தீய மோதிரம் அழிகிற நாளை மார்ச் 25 என்று வைத்திருக்கிறார். தேவதூதன் மரியாளிடம் வந்து செய்தி சொன்னதைத் திருச்சபை கொண்டாடும் நாள் அது. அதைப் பற்றிக் கதையில் ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. தெரிந்தவனுக்கு நெஞ்சு ஒரு நொடி நிற்கும், தெரியாதவனுக்கும் கதையில் எதுவும் குறையாது. பாட்டிலும் நமக்கு இது வேண்டும்.

எங்கே தேடுவது

இரண்டு பக்கமும் பேசாமல் விட்ட இடத்தைத் தேடுங்கள் என்பேன். ஒரு உதாரணம் சொல்கிறேன். நார்னியாவின் முதல் கதையில் எட்மண்ட் என்ற பையன் தன் கூடப்பிறந்தவர்களைக் காட்டிக்கொடுக்கிறான். மீட்டுக் கொண்டுவந்த மறுநாள் காலையில் சிங்கம் அவனைத் தனியாக அழைத்துக்கொண்டு போய்ப் பேசுகிறது. என்ன பேசியது என்று கதை சொல்வதில்லை, யாருக்கும் அது தெரியாது என்று விட்டுவிடுகிறது. சரி, இப்போது சுவிசேஷத்துக்கு வாருங்கள். மூன்று தரம் மறுதலித்த பேதுருவுக்கு, உயிர்த்தெழுந்த ஆண்டவர் தனியாகத் தரிசனமானார் என்று லூக்கா 24:34 சொல்கிறது. "கர்த்தர் மெய்யாகவே உயிர்த்தெழுந்திருந்தார், சீமோனுக்குத் தரிசனமானார்" என்பதோடு சரி (சீமோன் என்பது பேதுருதான்). அந்தச் சந்திப்பில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான்கு சுவிசேஷத்திலும் இல்லை. துரோகம் செய்தவனும் மன்னித்தவரும் தனியாக இருந்த நேரம் இரண்டு இடத்திலும் மூடியே இருக்கிறது. அந்த மூடிய கதவுக்கு வெளியே நின்று ஒரு பாட்டு எழுதலாம். உள்ளே என்ன பேசினார்கள் என்று நீங்கள் கற்பனை செய்து எழுதிவிடாதீர்கள். திரும்பி வந்தவனின் முகம், அவன் நடை, அன்றைக்கு அவன் எப்படிச் சாப்பிட்டான், இவ்வளவு எழுதினால் போதும், கேட்பவன் கதவுக்கு உள்ளே தானே போய்விடுவான்.

இன்னொரு இடம் படைப்பு. லூயிஸ், டோல்கீன் இருவருமே தங்கள் உலகம் பாட்டால் உண்டானதாக எழுதியிருக்கிறார்கள். வேதத்திலும் பூமிக்கு அஸ்திபாரம் போட்ட வேளையைப் பற்றிச் சொல்லும்போது, "விடியற்காலத்து நட்சத்திரங்கள் ஏகமாய்ப்பாடி, தேவபுத்திரர் எல்லாரும் கெம்பீரித்தார்களே" என்று யோபு 38:7 சொல்கிறது. இது எல்லாருக்கும் சட்டென்று தோன்றும் இடம், அதனாலேயே கஷ்டமான இடமும்கூட, ஏனென்றால் பாட்டைப் பற்றியே பாட்டு எழுதும்போது வரிகள் காற்றில் போய்விடும். புதிதாக எழுதுபவர்கள் இதை முதலில் தொட வேண்டாம்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கத்தில் கதையில் உங்களை நிறுத்திய இடம், வலது பக்கத்தில் அதைப் படித்தபோது தானாக ஞாபகம் வந்த வசனம். தேடிப் போய் எடுத்த வசனத்தை எழுதாதீர்கள், வந்ததை மட்டும் எழுதுங்கள். வலது பக்கம் காலியாகவே கிடந்தாலும் பரவாயில்லை, என் நோட்டில் வருஷக்கணக்காகக் காலியாகக் கிடக்கும் பக்கங்கள் உண்டு.

ஒரு பாட்டை முழுதாகப் பார்ப்போம்

டோல்கீன் கதையின் முடிவுக்குக் கொஞ்சம் முன்னால், நெருப்பு மலையின் சரிவில், மோதிரத்தைச் சுமக்கும் ஃப்ரோடோ நடக்க முடியாமல் விழுந்துவிடுகிறான். கூட வந்த சாம் ஒரு தோட்டக்காரன். மோதிரத்தை அவன் வாங்கிக்கொள்ள முடியாது, அது எசமானுக்கு விதிக்கப்பட்டது. ஆனால் எசமானையே தூக்கிக்கொள்ளலாம் அல்லவா? முதுகில் ஏற்றிக்கொள்கிறான்.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்குக் கலாத்தியர் ஆறாம் அதிகாரம் ஞாபகம் வந்தது. இரண்டாம் வசனம் "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்கிறது. மூன்றே வசனம் தள்ளி ஐந்தாம் வசனம் "அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே" என்கிறது. சண்டே ஸ்கூல் காலத்திலிருந்து இந்த இரண்டும் எனக்கு இடித்துக்கொண்டே இருந்தன. அந்த மலைச்சரிவில் இரண்டும் ஒன்றாகப் பொருந்திவிட்டதைப் பார்த்தேன். அவன் பாரம் அவனுடையதுதான், ஆனாலும் அவனைச் சுமக்கலாம். சிலுவையைச் சுமக்கும்படி வழியில் பிடிக்கப்பட்ட சிரேனே ஊர் சீமோனும் அதற்குள் வந்து நின்றுவிட்டார்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. இந்தக் காட்சிக்குப் பல்லவி எழுத உட்கார்ந்தால் எல்லாருக்கும் முதலில் வருவது சாம் அங்கே சொல்லும் வசனம்தான். எனக்கும் அதுதான் வந்தது, இரண்டு நாள் அதையே பாடிக்கொண்டு திரிந்தேன். பிறகு அடித்துவிட்டேன். அது டோல்கீனுடைய வாக்கியம், அதை வாங்கி மெட்டுப் போட்டால் அது என் பாட்டு இல்லை. காட்சியை விட்டு விலகாமல், அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது என்று தேடுங்கள். நான் மறுபடியும் படித்தபோது கண்ணில் பட்டது வேறொன்று: மோதிரத்தின் பளுவும் சேர்ந்து அழுத்தும் என்று பயந்துகொண்டே தூக்குகிறான், ஆனால் கனக்கவில்லை. அவனுக்கே ஆச்சரியம். "என் சுமை இலகுவாயும் இருக்கிறது" என்ற மத்தேயு 11:30ஐ எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன், ஒரு மனிதனின் முதுகில் வைத்து அன்றுதான் கேட்டேன். பல்லவி அங்கிருந்து வந்தது:

கனக்குமென்று குனிந்தேன் – நீர்
கனக்கவில்லை ஐயா
எனக்குத் தெம்பு தந்தது யார்
எவர் அறிவார் ஐயா

முதலில் "தோழா" என்றுதான் எழுதியிருந்தேன். ஆனால் சாம் தன் எசமானைத் தோழா என்று கூப்பிட மாட்டான், அவன் வாயில் "ஐயா"தான் வரும். மாற்றிப் பாடியபோதுதான் என்ன நடந்தது என்று எனக்கே புரிந்தது. நம் சபைப் பாட்டுகளில் இயேசுவை "ஐயா" என்றுதானே கூப்பிடுகிறோம், "நீர்" என்றுதானே பேசுகிறோம். இப்போது பாடுகிறவன் தோட்டக்காரனா, சிரேனே சீமோனா, ஆலயத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரா என்று பிரிக்க முடியவில்லை. இயேசுவின் பெயரை எங்கேயும் போடவில்லை, போடத் தேவையும் இல்லாமல் போயிற்று. ஆங்கிலத்தில் எழுதுகிறவனுக்குக் கிடைக்காத வசதி இது. தமிழில் நீ, நீர், நீங்கள், ஐயா, அப்பா, ராசா என்று யார் யாரிடம் பேசுகிறார் என்பதையே ஒரு சொல்லில் வைத்துவிடலாம். வரி எழுதுவதற்கு முன்னால் இந்த விளிச்சொல்லை முடிவு செய்துகொள்ளுங்கள், பாதிப் பாட்டு அதிலேயே முடிந்துவிடும்.

கனக்கு, எனக்கு என்று எதுகை. ஒவ்வொரு இரண்டு வரியிலும் மோனை. இவ்வளவு போதும். எல்லா வரியின் கடைசியிலும் இயைபுக்காக "-ஆரே, -ஆரே" என்று முடிக்கும் பழக்கம் நம் பாட்டுகளில் ஊறிப்போயிருக்கிறது, கதைப் பாட்டில் அதை விட்டுவிடுங்கள். கதை முன்னால் போக வேண்டும். "செய்தாரே, வந்தாரே" என்று ஒவ்வொரு வரியும் முடிந்து முடிந்து நின்றால் கேட்பவனும் நின்றுவிடுவான்.

சரணங்கள்:

ஊரில் எனக்கொரு தோட்டமுண்டு
உரமிட்டு வைத்த பாத்தியுமுண்டு
நீரில்லாத இந்த மலையில்
நினைவில் அந்த மண்வாசமுண்டு

கழுத்தில் கிடக்கும் பாரம் உமது
கழற்றித் தரவோ முடியாது
எழுந்து நிற்க முடியாதபோது
என் முதுகை யார் தடுப்பது?

முதல் சரணத்தில் வேதம் இல்லை. வேண்டுமென்றேதான். நம்மில் பலர் ஒரு வரி சும்மா போனால்கூடப் பதறி, அதில் ஒரு கிருபையையோ இரட்சிப்பையோ கொண்டுவந்து வைத்துவிடுகிறோம். கிருபை பெரிய சொல், அதை ஒரு மண்வாசத்துக்குப் பக்கத்தில் வைத்தால் மண்வாசம் காணாமல் போய்விடும். பரிசுத்தம், கெம்பீரம், ஸ்தோத்திரம் போன்ற வேதத் தமிழ்ச் சொற்கள் எனக்கு உயிர், அதில் வளர்ந்தவன் நான். ஆனால் கதைப் பாட்டில் அவற்றை உப்பு மாதிரி போட வேண்டும். ஒரு பாட்டுக்கு ஒன்று, அதுவும் கேட்பவன் எதிர்பார்க்காத இடத்தில். இந்தப் பாட்டில் "பாரம்" ஒன்றுதான் அப்படிப்பட்ட சொல், அதுவும் ஊர்ப் பேச்சிலும் இருக்கிற சொல்.

கதையில் வரும் ஊர்ப்பெயர், ஆள்பெயர் எதையும் நான் போடவில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். தமிழ் வரிக்குள் அவை உட்காராது என்பது ஒரு காரணம். பெயர் வந்த உடனே கதை தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் என்று கேட்பவர்கள் இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள் என்பது இன்னொன்று. தோட்டக்காரன், மலை, கழுத்தில் கிடக்கும் பாரம், இவ்வளவு சொன்னால் படித்தவனுக்குத் தெரிந்துவிடும், படிக்காதவனுக்கும் பாட்டு பாட்டாகவே இருக்கும்.

மெட்டும் நடையும்

ஒருவரை முதுகில் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது கால் சீராக விழாது. அதனால் பல்லவியை ஏழு மாத்திரையில் போட்டேன். மிஸ்ர சாபு தாளம் என்றால் வழக்கமாக மூன்றும் நான்கும், தகிட தகதிமி. இங்கே நான்கை முன்னால் போட்டு, தகதிமி தகிட என்று தட்டிக்கொண்டு பாடிப் பாருங்கள். கனக்கு என்பதில் நான்கு, மென்று என்பதில் மூன்று. கனக்க நான்கு, வில்லை மூன்று (அந்த லை குறுகிவிடும்). எனக்கு நான்கு, தெம்பு மூன்று. "ஐயா"வுக்கு நான்கு, மிச்சம் மூன்று மூச்சு விட. "குனிந்தேன் நீர்" என்ற இடத்தில் மட்டும் மூன்றும் நான்குமாகப் புரண்டுவிடும். சரிசெய்யப் பார்த்தேன், பிறகு குனிகிற இடத்தில் கால் இடறினால் இடறட்டும் என்று விட்டுவிட்டேன். சரணத்தை சாதாரண நாலு எண்ணிக்கை நடைக்கு மாற்றிக்கொண்டேன், கும்மி மாதிரி. தோட்டத்தை நினைக்கும்போது அவன் கால் நொண்டுவதில்லை.

வரியை மெட்டில் வைக்கும்போது ஒரு விஷயத்தில் மட்டும் தயவுசெய்து கண்டிப்பாக இருங்கள்: குறிலை நீட்டாதீர்கள். "மலை" என்பதில் ம-வை இரண்டு எண்ணிக்கை இழுத்தால் அது "மாலை" ஆகிவிடும். "படம்" பாடமாகிவிடும், "கல்" காலாகிவிடும். ஆங்கில மெட்டுக்கும் ஜெர்மானிய மெட்டுக்கும் தமிழ் வார்த்தை போட்ட பழைய ஞானப்பாட்டுகளில் சில இடங்களில் பாடும்போது சொல் புரியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். முதலில் வரியைப் பேசிப் பாருங்கள். பேச்சில் எங்கே நீளுகிறதோ அங்கேதான் மெட்டும் நீள வேண்டும். மெட்டு ஒத்துவரவில்லை என்றால் சொல்லை மாற்றுங்கள், இல்லை மெட்டை மாற்றுங்கள், இழுத்துப் பிடித்துச் சமாளிக்காதீர்கள்.

ஃபேன்டஸி பாட்டு என்றதும் பலர் குழல், பழைய ஐரோப்பிய நாட்டுப்பாடல் சாயல் என்று தேடிப் போகிறார்கள். அந்தச் சாயல் வேண்டுமானால் நம்மிடமே இருக்கிறது. அவர்கள் டோரியன் என்று சொல்லும் சுர வரிசைதான் நம் கரகரப்பிரியா, மிக்ஸோலிடியன்தான் ஹரிகாம்போஜி. மோகனத்தை கமகம் (சுரத்தை அசைப்பது) குறைத்து நேராகப் பாடினால் எந்த மலைநாட்டுப் பாட்டோ என்று தோன்றும். இந்தப் பாட்டை முதலில் நடபைரவியில், அதாவது கிடாரில் ஏ மைனரில் போட்டேன், ஒரேயடியாக அழுகையாக இருந்தது. ஆறாவது சுரமான தைவதத்தை மட்டும் சுத்த தைவதத்திலிருந்து சதுஸ்ருதிக்கு ஏற்றினேன், கரகரப்பிரியா ஆகிவிட்டது. கிடார்காரர்களுக்குச் சொன்னால், டி மைனர் வரவேண்டிய இடத்தில் டி மேஜர். "தெம்பு" என்ற சொல்லில் அந்த மேஜர் கார்டு விழும்போது, வரியில் நான் எழுதாத ஒன்று கேட்கும். ஒரே ஒரு சுரம்தான் வித்தியாசம்.

கீபோர்டில் ஏற்கெனவே இருக்கும் ரிதத்தைப் போட்டுவிட்டுப் பாடத் தொடங்காதீர்கள். கதைப் பாட்டுக்கு முதல் பல்லவி வரைக்கும் தம்புரா சுருதி ஒன்று போதும், போனிலேயே அதற்கு ஆப் இருக்கிறது. பதிவு செய்வதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. துணி நிறைய தொங்கும் அறை, வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி போன், ஃபேனை நிறுத்திவிடுங்கள். வெட்டி ஒட்ட ஆடாசிட்டி இலவசமாகக் கிடைக்கிறது.

சபையில் யாராவது கேட்டால்

கேட்பார்கள். மந்திரவாதி வரும் கதையை வைத்து ஆண்டவருக்குப் பாட்டா என்று. அந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட வேண்டாம். சூனியம், குறி சொல்வதையெல்லாம் உபாகமம் 18 வெளிப்படையாகத் தடுக்கிறது, அதை நினைத்துத்தான் கேட்கிறார்கள், அவர்கள் கவலை உண்மையானது. நான் சொல்லும் பதில் இதுதான்: வேதமே கதை சொல்கிறது. நியாயாதிபதிகள் 9இல் யோதாம் மலையுச்சியில் நின்று, மரங்கள் தங்களுக்கு ஒரு ராஜாவைத் தேடிப்போன கதையைச் சொல்கிறான், ஒலிவமரமும் அத்திமரமும் திராட்சச்செடியும் பேசுகின்றன. நாத்தான் ஒரு ஆட்டுக்குட்டிக் கதையால் தாவீதைப் பிடிக்கிறார். ஏசாயா 55இல் "வெளியின் மரங்களெல்லாம் கைகொட்டும்". இதற்கு மேலும் ஒருவருக்கு மனசு ஒப்பவில்லை என்றால் அந்தப் பாட்டை ஆராதனையில் பாடாதீர்கள், வாலிபர் கூட்டத்திலோ வீட்டிலோ பாடுங்கள். ஒரு சகோதரரின் மனச்சாட்சியை விட என் பாட்டு முக்கியமில்லை.

இது நமக்குப் புதிதும் இல்லை. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட பயணக் கதையை, அரக்கனும் பாழ்நிலமும் ஒளிநகரமும் வரும் அந்தக் கதையை, நெல்லைச் சீமையின் ஹெச். ஏ. கிருஷ்ணபிள்ளை எடுத்து 1894இல் இரட்சணிய யாத்திரிகமாகக் கொடுத்தார். மொழிபெயர்த்துக் கொடுக்கவில்லை. வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் ஊறியவர், அதனால் கம்பன் நடையிலேயே 3,700க்கும் மேற்பட்ட பாட்டுகளில் தமிழ்க் காப்பியமாகவே பாடினார், நடுவில் தேவாரம் என்று இசைப்பாட்டுகளும் வைத்தார். அவருக்கும் முன்னால் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), ஊரார் கூத்தாகப் பார்த்துப் பழகிய குறவஞ்சியை எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். இருவரிடமும் நான் கற்றது ஒன்றுதான்: கதை எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம், நடை நம் வாயிலிருந்து வர வேண்டும். அவர்களைப் பத்துப் பாட்டாவது வாய்விட்டுப் படித்துவிட்டு எழுத உட்காருங்கள்.

உரிமை விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். இந்தியாவில் காப்புரிமை ஆசிரியர் இறந்து 60 வருஷம். லூயிஸ் 1963இல் இறந்தார், அதனால் 2023 கடைசியோடு இங்கே முடிந்துவிட்டது, ஆனால் பிரிட்டனில் 70 வருஷம் என்பதால் 2033 கடைசி வரை உண்டு. டோல்கீன் 1973இல் இறந்தார், அவர் உயிரோடு இருந்தபோது வெளியானவற்றுக்கு இங்கேயே 2033 கடைசி வரை. யூடியூபில் போட்டால் எல்லா நாட்டுக்கும் போகும் என்பதால், அதிகக் காலம் இருக்கும் பாதுகாப்பையே கணக்கில் வையுங்கள். புத்தகத்தில் உள்ள கவிதைக்கு மெட்டுப் போட அனுமதி வேண்டும், அதன் மொழிபெயர்ப்புக்கும் வேண்டும். ஒருவன் இன்னொருவனைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுகிறான் என்ற கருத்துக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது, அதைச் சொன்ன வாக்கியங்களுக்குத்தான் உரிமை. பெயர்கள் சிலவற்றை வணிகக் குறியீடாகவும் பதிவு செய்திருக்கிறார்கள், பாட்டில் பெயரைத் தவிர்க்க அதுவும் ஒரு காரணம். பனியனுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

பாடிக் காட்டுவது

கதையைப் படிக்காத ஒருவரிடம் பாடிக் காட்டுங்கள். முன்னுரை எதுவும் சொல்லாதீர்கள். பாடி முடித்ததும் "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். "என்ன தெரிஞ்சுது?" என்று கேளுங்கள்.

நான் என் சித்தியிடம் பாடினேன். அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அப்போது பாட்டில் இரண்டு சரணம்தான் இருந்தது, மூன்றாவது வராமல் மாதக்கணக்கில் கிடந்தது. அவர்களுக்கு மோதிரமும் தெரியாது, மலையும் தெரியாது. பாடி முடித்தபோது கீரைக்கட்டு அப்படியே கையில் இருந்தது. "ஆச்சியத்தான் நினைச்சேன்" என்றார்கள். கடைசி எட்டு மாசம் ஆச்சியைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போனது சித்திதான். முதல் நாள் எப்படித் தூக்கப் போகிறோமோ என்று பயந்து குனிந்தார்களாம், தூக்கினால் ஒன்றுமே இல்லையாம், சின்னப் பிள்ளை மாதிரி இருந்தாளாம். "தூக்கிட்டுப் போகையில என் தலையத் தடவிக்கிட்டே வருவா, ஆரு ஆரத் தூக்குதான்னு எனக்கே தெரியாது" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கீரையை ஆயத் தொடங்கினார்கள்.

அன்று ராத்திரி ஏசாயா 46:4ஐ எடுத்துப் படித்தேன். நரைவயதுமட்டும் தாங்குவேன் என்று சொல்லிவிட்டு, "நான் ஏந்துவேன், நான் சுமப்பேன், தப்புவிப்பேன்" என்று முடியும். இந்த வசனம் தேடாமல் வந்தது, நோட்டின் வலது பக்கத்தில் எழுதினேன். மூன்றாவது சரணம் அதற்குக் கீழேயே வந்துவிட்டது:

தூக்கிச் செல்லும் என் தலையைத்
தொட்டுத் தடவும் உம் கைகள்
தாக்கும் வெயிலில் நிழலாகத்
தாங்குவதிங்கே யார் யாரை?

இதற்குப் பிறகு பல்லவிக்குத் திரும்பக் கூடாது என்று பாடிப் பார்த்ததும் தெரிந்தது. "யார் யாரை" என்பதை பஞ்சமத்தில் விட்டுவிட்டு, சுருதி மட்டும் நான்கு எண்ணிக்கை ஓடி நிற்கும்.